ஸ்வாப் சரிசெய்த பதிவு: பழைய 2 ஜிபி பார்ட்டிஷனிலிருந்து 8 ஜிபி கோப்புக்கு

கணினி: 8 ஜிபி ராம், லினக்ஸ் இருக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டி, தரவுக்காக 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஸ்வாப் (ராம் போதாதபோது அதில் இருப்பதைத் தள்ளிவைக்கும் டிஸ்க் இடம்) இருப்பது ஹார்ட் டிஸ்கின் கடைக்கோடியில் வெட்டிய 2 ஜிபி பார்ட்டிஷனில். குறைகள் மூன்று. உலாவியில் தாவல்கள் கூடக்கூட மவுஸ் அம்புகூட நகராமல் உறைந்து நிற்கிறது. பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் எதுவும் நடக்காமல் கழிகிறது. சில நாள் உலாவி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. மூன்றும் ஸ்வாப்பைச் சுற்றி நிற்பவைதான். ஆனால் காரணம் தனித்தனி. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போகாது.

கட்டளைகள் இங்கே ஒலிக்கிறபடி எழுதப்பட்டுள்ளன. அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறது. அமைப்பை மாற்றும் கட்டளை எதுவானாலும் முன்னால் ‘சுடோ’ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சொல்) உண்டு என்று வைத்துக்கொள்ளவும்.

முதலில் அளவெடுப்பு

‘ஃப்ரீ -எச்’ கொடுத்தால் ஸ்வாப் 2.0 ஜிபியில் 1.9 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. பார்த்ததும் பதறத் தோன்றும் எண் இதுதான். தனியாக வைத்துப் பார்த்தால் பொருளில்லாத எண்ணும் இதுதான். காலையில் ஒருமுறை தேவைப்பட்டு அதன்பின் யாரும் தொடாத பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகள்) கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஸ்வாப்பில் தள்ளிவிட்டு அங்கேயே விட்டுவைக்கும். நிரல் மறுபடி கேட்டால்தான் திரும்ப எடுக்கும். எடுத்த பிறகும் ஸ்வாப்பில் இருக்கும் நகலை உடனே அழிப்பதில்லை. அந்தப் பக்கம் மாறாமலே மறுபடி வெளியேற வேண்டிவந்தால் எழுதும் வேலை மிச்சம். ‘/ப்ராக்/மெம்இன்ஃபோ’ கோப்பில் ‘ஸ்வாப்கேச்டு’ என்ற வரி காட்டுவது இந்த இரட்டை நகல்களைத்தான். ‘ஃப்ரீ -எச்’ காட்டும் மேல் வரியிலும் (ராம்) ‘ஃப்ரீ’ என்ற பத்தியைப் பார்ப்பதில் பயனில்லை. ‘அவைலபிள்’ பத்தியே உண்மையான இருப்பு.

பார்க்க வேண்டியது போக்குவரத்து. ‘விஎம்ஸ்டாட் 1’ என்று கொடுத்தால் நொடிக்கு ஒரு வரி வரும். அதில் ‘எஸ்ஐ’ உள்ளே வருவது, ‘எஸ்ஓ’ வெளியே போவது, இரண்டும் நொடிக்கு எத்தனை கேபி என்ற கணக்கு. முதல் வரி பூட் ஆனதிலிருந்து இதுவரைக்குமான சராசரி, அதைத் தள்ளிவிட வேண்டும். ‘எஸ்ஓ’ அவ்வப்போது எழும்பி அடங்குகிறது, ‘எஸ்ஐ’ பெரும்பாலும் சுழியம் என்றால் ஸ்வாப் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து நிமிடக்கணக்கில் ஆயிரங்களில் நின்றால் எடுத்ததையே எடுத்து வைத்ததையே வைத்துக்கொண்டிருக்கிறது. உறைதல் அங்கேதான்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ‘/ப்ராக்/ப்ரஷர்/மெமரி’ கோப்பைத் திறக்கலாம்; கெர்னல் 4.20 முதல் இருக்கிறது. ‘சம்’, ‘ஃபுல்’ என்று இரண்டு வரி. ஒவ்வொன்றிலும் 10, 60, 300 நொடிச் சராசரி. ‘ஃபுல்’ வரியின் 10 நொடி எண் 20 என்றால், கடந்த 10 நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஓட வேண்டிய எந்த வேலையும் ஓடாமல் எல்லாம் நினைவகத்துக்காகக் காத்து நின்றன என்று பொருள். கை உணரும் தாமதத்துக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள பொருத்தம் வேறு எந்த அளவிலும் கிடைப்பதில்லை.

ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு பக்கம் 4 கேபி. 1 ஜிபி என்பது 2,62,144 பக்கங்கள். சுழலும் தட்டில் தலை நகர்ந்து நகர்ந்து சிதறிய பக்கங்களை நொடிக்கு 100 எடுக்கிறது என்று வைத்தால் 1 ஜிபி திரும்பிவர 44 நிமிடம். ஒரு தடவைக்கு 8 பக்கமாக முன்கூட்டியே அள்ளுவது கெர்னலின் வழக்கம்; அள்ளிய எட்டும் உதவின என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐந்தரை நிமிடம். எஸ்எஸ்டியில் அதே வேலை சில நொடி. ஆக, முதல் குறைக்கு மருந்து இடமாற்றம்.

ஸ்வாப்பையே எடுத்துவிட்டால் என்ன?

பலர் செய்து பார்ப்பது. உறைதல் குறையாது, சில நேரம் கூடும். நிரல்கள் தாமாக உருவாக்கிக்கொண்ட தரவுக்கு டிஸ்கில் மூலம் கிடையாது. ஸ்வாப் இல்லையென்றால் அது ராமைவிட்டு நகர முடியாது. நிரலின் குறிமுறையும் நூலகக் கோப்புகளும் அப்படியல்ல, டிஸ்கில் மூலம் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் தூக்கியெறிந்துவிட்டுத் திரும்பப் படிக்கலாம். ராம் நெருக்கும்போது கெர்னல் கைவைக்க மிஞ்சியிருப்பது இந்த இரண்டாம் வகை மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் உலாவியின் குறிமுறையையே எறிந்து, மறுநொடி திரும்பப் படித்து, மறுபடி எறியும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் சுழியமாகவே இருக்கும். ஸ்வாப் இல்லாத கணினியும் இப்படி உறைவதுண்டு. அப்போது ‘விஎம்ஸ்டாட்’டில் ‘பிஐ’ பத்தி உயர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

அளவு எவ்வளவு? ராமைப்போல் இரு மடங்கு என்பது ராம் மெகாபைட்டில் இருந்த காலத்துக் கணக்கு. 8 ஜிபி ராமுக்கு, ஹைபர்னேட் (ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பது) வேண்டாமென்றால் 4 ஜிபியே போதும். இங்கே 8 எடுத்ததற்குக் காரணம் எஸ்எஸ்டியில் இடம் தாராளமாக இருந்ததும் பின்னால் ஹைபர்னேட் செய்ய வழி விட்டதும். 32 ஜிபி என்றெல்லாம் வைப்பது நல்லதல்ல: கட்டுமீறிய நிரல் ஒன்று அத்தனையையும் நிரப்பி முடிக்கும்வரை கெர்னல் அதைக் கொல்லாது, அதுவரை கணினியும் கையில் இருக்காது.

கோப்பை உருவாக்குதல்

‘டிஎஃப் -டி /’ கொடுத்து லினக்ஸ் இருக்கும் பகுதியின் (ரூட்) கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை டிஸ்கில் அடுக்கும் முறை, எதுவென்று முதலில் பார்க்க வேண்டும் (அந்த ‘டி’ பெரிய எழுத்து). இங்கே எக்ஸ்ட்4. பிடிஆர்எஃப்எஸ் என்றால் வழி வேறு, அது பின்னால் வருகிறது.

எழுதும் கட்டளை: ‘டிடி ஐஎஃப்=/டெவ்/ஜீரோ ஓஎஃப்=/ஸ்வாப்ஃபைல் பிஎஸ்=1எம் கவுண்ட்=8192 ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ்’. இதில் 1எம் என்பதன் ‘எம்’ பெரிய எழுத்து. 8 × 1024 = 8192. சிலர் சுருக்கமாக ‘பிஎஸ்=8ஜி கவுண்ட்=1’ என்று கொடுக்கிறார்கள். ‘டிடி’ ஒரு துண்டின் அளவுக்கு ராமில் இடம் பிடித்துத்தான் படிக்கும். 8 ஜிபி ராமில் 8 ஜிபி துண்டு கேட்டால் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று நின்றுவிடலாம். நினைவகம் போதாமல்தானே இந்த வேலையே!

‘எஃப்அலோகேட் -எல் 8ஜி /ஸ்வாப்ஃபைல்’ ஒரு நொடியில் முடியும், எக்ஸ்ட்4-இல் ஒழுங்காக வேலையும் செய்யும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையில் கெர்னல் 4.18-க்கு முன் அது ஏற்கப்படவில்லை. எந்த முறைமை என்று உறுதியில்லாத இடத்தில் ‘டிடி’ கொஞ்சம் நேரம் எடுத்தாலும் நம்பகமானது. ‘ட்ரங்கேட்’ கொண்டு உருவாக்குவது மட்டும் கூடவே கூடாது. அது அளவை எழுதுமே தவிர இடத்தை ஒதுக்காது, கோப்பு முழுக்க ஓட்டை.

அடுத்து ‘சிஎச்மாட் 600 /ஸ்வாப்ஃபைல்’. இதை விட்டாலும் ஸ்வாப் வேலை செய்யும், அனுமதி பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை மட்டும் வரும். ஆனால் நிரல்களின் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்கள் உட்பட எல்லாமே இந்தக் கோப்பில் போய் உட்காரும். மற்றப் பயனர்கள் படிக்கக்கூடிய நிலையில் விடக்கூடாது. உரிமையாளரும் ரூட்டாக (நிர்வாகிப் பயனர்) இருக்க வேண்டும்.

‘எம்கேஸ்வாப் /ஸ்வாப்ஃபைல்’ முதல் பக்கத்தில் தலைப்பை எழுதுகிறது. அந்தப் பக்கத்தின் கடைசி 10 பைட்டுகளில் ஸ்வாப்ஸ்பேஸ்2 என்ற அடையாளம் இருக்கும். அதனால்தான் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் அளவு 83,88,608 கேபிக்குப் பதில் 83,88,604 கேபி. குறையும் 4 கேபி கோளாறு அல்ல. பிறகு ‘ஸ்வாப்ஆன் /ஸ்வாப்ஃபைல்’, அதன்பின் ‘ஸ்வாப்ஆன் --ஷோ’.

அந்தப் பட்டியலில் கடைசிப் பத்தியைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. முன்னுரிமை எண் சொல்லாமல் சேர்த்தால் கெர்னல் -2, -3 என்று வரிசையில் குறைத்துக்கொண்டே போகும். முதலில் வந்த பழைய ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனுக்கு -2, புதிய எஸ்எஸ்டி கோப்புக்கு -3. எண் பெரியது முதலில் நிரம்பும் என்பதால், புதிதாக 8 ஜிபி சேர்த்த பிறகும் பக்கங்கள் ஹார்ட் டிஸ்குக்கே போய்க்கொண்டிருக்கும். சேர்த்தும் பயனில்லையே என்று கோப்பை அழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. புதிய கோப்பை ஒருமுறை ‘ஸ்வாப்ஆஃப் /ஸ்வாப்ஃபைல்’ என்று இறக்கிவிட்டு ‘ஸ்வாப்ஆன் -பி 10 /ஸ்வாப்ஃபைல்’ என்று கொடுத்தால் தீர்ந்தது. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் மாறி மாறி இரண்டிலும் எழுதும். ஒரே வேகமுள்ள இரண்டு டிஸ்குகளுக்கு அது சரி, இங்கே சரியில்லை.

பூட் ஆகும்போது எவற்றை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ‘/ஈடிசி/எஃப்எஸ்டேப்’ கோப்பில் சேர்க்கும் வரி: ‘/ஸ்வாப்ஃபைல் நன் ஸ்வாப் எஸ்டபிள்யூ,பிஆர்ஐ=10 0 0’. கோப்புக்கு யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) எழுத வேண்டியதில்லை, பாதையே போதும். மறுபூட்டுக்கு முன் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிவிடும்.

பழையதை விலக்குதல்

வரிசை முக்கியம்: புதியது ஏறிய பிறகே பழையதை இறக்க வேண்டும். ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுத்ததும் அங்கிருக்கும் 1.9 ஜிபியும் ராமுக்கு வந்தாக வேண்டும். ராமில் இடம் போதாவிட்டால் அந்த நெரிசலில் வேறு பக்கங்கள் புதிய கோப்புக்கு நகரும். புதியது இல்லாமல் இறக்க முயன்றால் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று கட்டளை தோற்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து வருவதால் நிமிடக்கணக்கில் பிடிக்கும், தொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘/ப்ராக்/ஸ்வாப்ஸ்’ கோப்பை இன்னொரு டெர்மினலில் பார்த்தால் எண் குறைந்துகொண்டே வருவது தெரியும். நடுவில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினாலும் தரவு கெடாது, பழைய நிலைக்கே திரும்பும்.

பிறகு எஃப்எஸ்டேப்பில் பழைய வரியை நீக்கி ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’. ரூட் இருக்கும் அதே டிஸ்கில் ஜிபிடி என்ற பகுப்பு முறையில் ஸ்வாப் வகைப் பார்ட்டிஷன் இருந்தால், வரியை நீக்கிய பிறகும் மறுபூட்டில் அது தானாக ஏறி நிற்கலாம். சிஸ்டம்டி (பூட்டையும் பின்னணிச் சேவைகளையும் நடத்தும் நிரல்) அந்த வகை அடையாளத்தைப் பார்த்துத் தானே ஏற்றிவிடுகிறது. அப்போது ‘எஃப்டிஸ்க்’ கொண்டு பார்ட்டிஷனின் வகையைச் சாதாரண லினக்ஸ் கோப்பு முறைமையாக மாற்ற வேண்டும்.

அந்த ஒன்றரை நிமிடம்

சரியாக 90 நொடி என்பதே துப்பு: சிஸ்டம்டி ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் இயல்புநிலைக் காலக்கெடு அது. பூட் திரையை மறைக்கும் படத்தை எஸ்கேப் விசையால் விலக்கினால், குறிப்பிட்ட யூயூஐடி கொண்ட டிஸ்குக்காக ஒரு வேலை ஓடுகிறது என்ற வரி நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். ‘பிஎல்கேஐடி’ காட்டும் யூயூஐடியையும் எஃப்எஸ்டேப்பில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

யூயூஐடி எப்படி மாறுகிறது? ஒவ்வொரு முறை ‘எம்கேஸ்வாப்’ ஓட்டும்போதும் புதிதாக ஒன்று பிறக்கிறது. இரண்டாவதாக இன்னொரு லினக்ஸை நிறுவும்போது, அந்த நிறுவி கண்ணில் பட்ட ஸ்வாப் பார்ட்டிஷனைத் தனதாக்கிக்கொண்டு மறுபடி வடிவமைத்துவிடும். முதல் லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டே நிற்கும். இரண்டும் ஒரே பார்ட்டிஷனைப் பகிர வேண்டுமென்றால் ‘எம்கேஸ்வாப் -யூ’ (பெரிய எழுத்து) என்பதற்குப் பின் பழைய யூயூஐடியையே கொடுத்து வடிவமைக்கலாம், இரு பக்கமும் வரிகளைத் திருத்தும் வேலை மிச்சம். பகிரும் இரண்டில் ஒன்று ஹைபர்னேட் ஆகியிருக்கும்போது மற்றதைப் பூட் செய்தால் உறங்கும் நிலையின் படிமம் போய்விடும். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

எஃப்எஸ்டேப்பைத் திருத்திய பிறகும் பூட்டின் ஆரம்பத்திலேயே சிறிது நேரம் நின்று, துயில்மீள் (ஹைபர்னேட்டிலிருந்து எழும்) சாதனத்துக்காகக் காத்துச் சலித்துவிட்டேன் என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால், அது வேறு இடம். டெபியன், உபுண்டு வகைகளில் ‘/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்’ என்ற கோப்பில் பழைய யூயூஐடி தங்கியிருக்கும். அங்கே ‘ரெஸ்யூம்=நன்’ என்று மாற்றி (சமக்குறிக்கு முன்னுள்ள சொல் முழுவதும் பெரிய எழுத்து), ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்ட வேண்டும். கோப்பைத் திருத்திவிட்டு இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் ஒன்றும் மாறாது. பூட்டின்போது படிக்கப்படுவது ஏற்கனவே கட்டிவைத்த படிமம்.

மறைந்துபோகும் உலாவி

உலாவியைக் கொன்றது யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக்கூடாது. இருவர் உண்டு. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’யில் நினைவகம் தீர்ந்தது, இந்த எண்ணுள்ள நிரல் கொல்லப்பட்டது என்ற வரி இருந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் பகுதி). அங்கே ஒன்றுமில்லாமல், ‘ஜர்னல்சிடிஎல் -யூ சிஸ்டம்டி-ஓஓஎம்டி’ கொடுத்தால் உலாவியின் பெயர் வந்தால் இரண்டாமவர், சிஸ்டம்டி-ஓஓஎம்டி. உபுண்டு 22.04 முதல் இது மேசைக்கணினியில் இயல்பாகவே ஓடுகிறது. ஃபெடோராவில் 34 முதல்.

சிஸ்டம்டி-ஓஓஎம்டி பார்க்கும் எல்லைகளில் ஒன்று, ராமும் ஸ்வாப்பும் இரண்டுமே 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது. 2 ஜிபி ஸ்வாப்பில் 1.9 ஜிபி என்பது 95 விழுக்காடு. அதில் பெரும்பகுதி யாரும் தொடாத சோம்பேறிப் பக்கங்கள். ஆனால் விழுக்காட்டுக்கு அது தெரியாது. ஸ்வாப் எப்போதும் எல்லைக்கு அப்பாலேயே நிற்பதால், ராம் ஒருமுறை எகிறினாலே கத்தி விழுகிறது. கொல்வதும் ஒரு தாவலை அல்ல. கட்டுப்பாட்டுக் குழு முழுவதையும், அதாவது உலாவியை மொத்தமாக. ஸ்வாப் 8 ஜிபி ஆனதும் அதே 1.9 ஜிபி 24 விழுக்காடாகிவிட்டது. ஓஓஎம்டியையே நிறுத்திவிடுவது பலர் தரும் யோசனை. சிறிய ஸ்வாப்போடு அதை நிறுத்தினால் உலாவி மறைவதற்குப் பதில் கணினி உறையும், அவ்வளவுதான் மாற்றம்.

உலாவி ஒன்றுதான் தின்கிறது என்றால் அதற்கு மட்டும் வேலி கட்டலாம்: ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் -பி மெமரிஹை=3ஜி’ என்று எழுதி அதன்பின் உலாவியின் பெயர். மெமரிஹை ஒரே சொல். அதன் ‘எம்’, நடுவில் வரும் ‘எச்’, 3-க்குப் பின் உள்ள ‘ஜி’ மூன்றும் பெரிய எழுத்து. 3 ஜிபியைத் தாண்டினால் உலாவியின் பக்கங்கள் மட்டும் ஸ்வாப்புக்குத் தள்ளப்படும். மற்ற நிரல்கள் தொந்தரவில்லாமல் ஓடும்.

ஸ்வாப்ஆன் மறுத்தால்

‘தவறான மதிப்பு’ என்ற பொருளில் வரும் பிழைச் செய்தி ஒன்றே, காரணம் பல. உடனே ‘டிஎம்இஎஸ்ஜி’யின் கடைசி வரிகளைப் பார்க்க வேண்டும். கோப்பில் ஓட்டைகள் உண்டு என்று இருந்தால் ‘டிடி’ கொண்டு மறுபடி எழுத வேண்டியதுதான். வேறு இடத்திலிருந்து ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்த ஸ்வாப் கோப்பும் இப்படி ஓட்டையோடு வருவதுண்டு, சுழியங்களை அது எழுதாமல் தாண்டிவிடும். தலைப்பைப் படிக்க முடியவில்லை என்றால் ‘எம்கேஸ்வாப்’ விட்டுப்போயிருக்கிறது. ‘சாதனம் பயன்பாட்டில்’ என்றால் பெரும்பாலும் ஏற்கனவே ஏறியிருக்கிறது. ஏறிய கோப்பை ‘ஆர்எம்’ கொண்டு அழிக்க முயன்றால் ரூட்டாக இருந்தும் அனுமதி இல்லை என்று வரும். டிஸ்க் பழுதல்ல, ஸ்வாப்ஆஃப் செய்தால் அழியும்.

பிடிஆர்எஃப்எஸ் தனிக்கதை. கெர்னல் 5.0 முதல்தான் அதில் ஸ்வாப் கோப்பு வைக்கலாம்; நகலெழுத்து முறை (மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது) அணைந்திருக்க வேண்டும், சுருக்கம் கூடாது, ஒரே டிஸ்கில் இருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கருவித் தொகுப்பு 6.1 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல் --சைஸ் 8ஜி’ என்று கொடுத்துப் பாதையைச் சொன்னால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பழையதென்றால் காலிக் கோப்பை உருவாக்கி, அது காலியாக இருக்கும்போதே ‘சிஎச்அட்டர் +சி’ (சி பெரிய எழுத்து) கொடுத்து, பிறகுதான் நிரப்ப வேண்டும். தரவு எழுதிய பின் கொடுத்தால் பயனில்லை. கோப்பைத் தனித் துணைத்தொகுதியில் (கோப்பு முறைமைக்குள் தனியே பிரித்த பகுதி) வைப்பது கட்டாயம் என்றே சொல்லலாம்: ஏறிய ஸ்வாப் கோப்பு இருக்கும் துணைத்தொகுதியை ஸ்னாப்ஷாட் (அந்நேர நிலையின் பதிவு) எடுக்க முடியாது, தினசரி ஸ்னாப்ஷாட் ஒருநாள் நின்றுபோனதே பலருக்கு மாதம் கழித்துத்தான் தெரியவரும். இசட்எஃப்எஸ்-இல் ஸ்வாப் கோப்பு கிடையாது. பார்ட்டிஷன் ஒன்று ஒதுக்குவதே வழி.

ஸ்வாப்பினஸ்

ஸ்வாப்பினஸ் என்ற இந்தக் கெர்னல் அமைப்பு எண்ணைப் பற்றிய தவறான விளக்கம்தான் பரவலாக இருக்கிறது. 60 என்றால் ராமில் 40 விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்பது உண்மையல்ல. ராமில் இடம் தேவைப்படும் நேரத்தில், நிரல்களின் தரவைத் தள்ளுவதா கோப்புப் பக்கங்களை எறிவதா என்ற தராசின் சாய்வு அது. 100 என்றால் இரண்டுக்கும் ஒரே செலவு. 60 என்றால் ஸ்வாப் சற்றுக் கூடுதல் செலவு என்று கெர்னல் கருதும். 5.8 முதல் 200 வரை கொடுக்கலாம்.

10 ஆக்குங்கள் என்ற அறிவுரை ஹார்ட் டிஸ்க் காலத்தது. எஸ்எஸ்டியில் அப்படிக் குறைத்தால் கோப்புப் பக்கங்கள் முன்னதாகவே பறக்கும், ஸ்வாப் இல்லாத கணினியின் அதே நோய் பாதி அளவில் வரும். இங்கே 60 அப்படியே விடப்பட்டது. எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு ‘எஸ்ஓ’ பத்தியே பதில்: அது பெரும்பாலும் சுழியமாக இருந்தால் தேய எதுவும் இல்லை.

ராம் குறைந்த கணினிக்கு ஜிராம்

4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் மட்டும் என்ற மடிக்கணினிக்கு மேலே சொன்னது எதுவும் பெரிதாக உதவாது. அங்கே ஜிராம்: ராமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப் சாதனமாக்குவது. கெர்னல் 3.14 முதல் உள்ளது. ஃபெடோரா 33 முதல் இயல்பாக வருகிறது. ‘ஜிராம்-ஜெனரேட்டர்’ தொகுப்பை நிறுவி, ‘/ஈடிசி/சிஸ்டம்டி/ஜிராம்-ஜெனரேட்டர்.கான்ஃப்’ கோப்பில் ஜிராம்0 என்ற சதுர அடைப்புத் தலைப்பின் கீழ் ‘ஜிராம்-சைஸ் = ராம் / 2’, ‘கம்ப்ரெஷன்-அல்காரிதம் = இசட்எஸ்டிடி’ என்று இரண்டு வரி எழுதினால் போதும். சைஸ் என்பது சுருக்குவதற்கு முந்தைய அளவு. 2 ஜிபி என்று வைத்ததும் 2 ஜிபி ராம் போய்விடாது. ‘ஜிராம்சிடிஎல்’ காட்டும் ‘டேட்டா’, ‘டோட்டல்’ பத்திகளை ஒப்பிட்டால் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். ஏற்கனவே சுருக்கிய படமும் காணொளியும் சுருங்காது.

இதற்கு ஸ்வாப்பினஸ் 100-க்கு மேல் இருக்கலாம். ராமிலேயே இருக்கும் ஸ்வாப் டிஸ்கைவிட மலிவு. ‘விஎம்.பேஜ்-கிளஸ்டர்’ இயல்பில் 3, அதாவது 8 பக்கமாக அள்ளுதல். தேடல் தாமதமே இல்லாத ஜிராமுக்கு அது வீண் வேலை, 0 ஆக்க வேண்டும். இரண்டையும் ‘/ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி’ அடைவில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பில் எழுதலாம். ஜிஸ்வாப் (டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் ராமில் நிற்கும் சுருக்கக் கிடங்கு) ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜிராமுக்குப் போகும் பக்கங்களை அது வழியிலேயே மறித்துச் சுருக்கிவைத்துக்கொள்ளும். ‘/சிஸ்/மாட்யூல்/ஜிஸ்வாப்/பாராமீட்டர்ஸ்/எனேபிள்டு’ கோப்பில் ‘ஒய்’ இருந்தால் ஓடுகிறது.

ஜிராமோடு டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்ப்பதில் ஒரு பள்ளம் உண்டு. முன்னுரிமையால் ஜிராம் முதலில் நிரம்பும், நிரப்புவது பழைய சோம்பேறிப் பக்கங்கள். பின்னால் வரும், அடிக்கடி தேவைப்படும் பக்கங்கள் டிஸ்குக்குப் போகும். தலைகீழ். எஸ்எஸ்டியில் ஸ்வாப் இருக்கிறது என்றால் ஜிஸ்வாப்பே பொருத்தம். அது பழையதை டிஸ்குக்குத் தள்ளிவிட்டுப் புதியதை ராமில் வைக்கும்.

ஸ்வாப்பை யார் பிடித்திருக்கிறார்கள்

‘/ப்ராக்’ அடைவில் ஒவ்வொரு நிரலின் எண்ணுக்கும் கீழே ‘ஸ்டேட்டஸ்’ கோப்பில் ‘விஎம்ஸ்வாப்’ வரி இருக்கிறது. ‘ஜிரெப் விஎம்ஸ்வாப் /ப்ராக்/*/ஸ்டேட்டஸ்’ (வி, எம், எஸ் என்ற மூன்றில் வி-யும் எஸ்-உம் பெரிய எழுத்து) கொடுத்தால் பட்டியல் வரும். எல்லாவற்றையும் கூட்டினாலும் ‘ஃப்ரீ’ சொல்வதைவிட மிகக் குறைவாக வந்தால், மீதி டிஎம்பிஎஃப்எஸ்-இல் இருக்கலாம்: ராமில் வாழும் கோப்புகள், நெருக்கடியில் ஸ்வாப்புக்குப் போகும், எந்த நிரலின் கணக்கிலும் ஏறாது. ‘/டிஎம்பி’ டிஎம்பிஎஃப்எஸ்-ஆக இருக்கும் கணினியில் அங்கே இறக்கிவிட்டு மறந்த 3 ஜிபி கோப்பு ஸ்வாப்பைத் தின்பது இப்படித்தான். ‘டிஎஃப் -எச் -டி டிஎம்பிஎஃப்எஸ்’ காட்டிக்கொடுக்கும், இங்கே ‘டி’ சிற்றெழுத்து.

ஹைபர்னேட் பற்றிச் சுருக்கமாக: ஜிராமுக்குப் போகாது, உண்மையான டிஸ்க் ஸ்வாப் வேண்டும். கோப்பில் செய்வதென்றால் பூட் அளவுருவில் கோப்பு முறைமையின் யூயூஐடியோடு ‘ரெஸ்யூம்_ஆஃப்செட்’ எண்ணும் வேண்டும். எக்ஸ்ட்4-இல் ‘ஃபைல்ஃப்ராக் -வி /ஸ்வாப்ஃபைல்’ காட்டும் முதல் வரிசையின் இயற்பியல் தொடக்க எண் அது. கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறிவிடும்.

சோதனை

‘ஸ்ட்ரெஸ்-என்ஜி --விஎம் 1 --விஎம்-பைட்ஸ் 6ஜி --விஎம்-கீப் -டி 60எஸ்’ (இதிலும் ‘டி’ சிற்றெழுத்து), பக்கத்தில் ‘விஎம்ஸ்டாட் 1’. திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிட வேண்டும். ஆரம்ப நொடிகளில் ‘எஸ்ஓ’ பெரிதாக எழும்பும், அது எதிர்பார்ப்பதே. கோப்பு சரியான இடத்தில், சரியான முன்னுரிமையில் இருந்தால் மவுஸ் அம்பு அப்போதும் நகரும். ‘ஸ்வாப்ஆன் --ஷோ’வில் எஸ்எஸ்டி கோப்பின் பயன்பாடு மட்டும் ஏறும். 60 நொடி முடிந்ததும் ராம் காலியாகும், வேறு சாளரத்துக்கு முதல்முறை மாறும்போது ‘எஸ்ஐ’ சிறிது எழுந்து அடங்கும். ஸ்வாப்பில் சில நூறு எம்பி தங்கிவிடும். அதைக் காலியாக்க ஸ்வாப்ஆஃப், ஸ்வாப்ஆன் என்று ஓட்டத் தேவையில்லை. கேட்கும் நிரல் கேட்கும்போது எடுத்துக்கொள்ளும்.